நால்வர் அமரும் விமானத்தில் மூவருக்கே இடமில்லை: எடையை எங்கிருந்து குறைப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூரைச் சேர்ந்த நீங்களும் உங்கள் நண்பர்கள் இருவரும் சேர்ந்து 1979-இல் செய்யப்பட்ட ஒரு செஸ்னா 172-என் (N) விமானத்தை வாங்கி, புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பறக்க எண்ணியிருக்கிறீர்கள். அதன் அதிகாரபூர்வ எடைத்தாளான வெயிட் ஷெட்யூலில், ஆளும் சுமையும் பயன்படும் பெட்ரோலும் சேராத வெற்று எடை 672 கிலோ என்று இருக்கிறது. அந்த மாடலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சப் புறப்பாட்டு எடை 2,300 பவுண்டு, அதாவது 1,043 கிலோ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 371 கிலோதான் பயன்சுமை. பெரிய டாங்குகள் பொருத்தப்பட்ட விமானம் என்பதால், அவற்றை நிரப்பினால் பயன்படும் பெட்ரோல் மட்டும் 189 லிட்டர், 136 கிலோ ஆகிவிடுகிறது. மிஞ்சும் 235 கிலோவில் மூன்று பேரும் இரண்டு பைகளும் அடங்கவில்லை. எந்தப் பொருளைக் கழற்றினால் அல்லது மாற்றினால் நாற்பது கிலோவாவது கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏஎம்இ எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளராகச் சிறு விமானங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில், நான் எந்த வரிசையில் இதைச் செய்வேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். அந்த வரிசையில் பொருள்களைக் கழற்றுவது மூன்றாவதாகத்தான் வரும்.

முதலில் விமானத்தை எடை போடுங்கள். உங்கள் கையிலுள்ள 672 என்ற எண் எப்படி வந்தது என்று பாருங்கள். பெரும்பாலான பழைய விமானங்களில் அது தராசு சொன்ன எண்ணாக இருக்காது. எப்போதோ ஒரு முறை எடை போட்ட பிறகு, ஒவ்வொரு ரேடியோவைப் பொருத்தியபோதும் கழற்றியபோதும் கூட்டியும் கழித்தும் தாளிலேயே வந்து சேர்ந்த எண்ணாக இருக்கும். அந்தக் கணக்கில் கருவியின் எடை ஏறியிருக்கும். அதற்காக இழுத்த வயரும் தாங்கிச் சட்டமும் ஆண்டெனாவும் ஏறாமல் விட்டுப்போயிருக்கும். கருவியை எடுத்தபோது அதன் எடையைக் கழித்திருப்பார்கள். ஆனால் வயர்க் கற்றையை வெட்டி முனையில் டேப் சுற்றி, பேனலுக்குப் பின்னாலேயே விட்டிருப்பார்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிதாக அடித்த பெயின்ட்டின் எடையை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு விமானத்தில் இவையெல்லாம் சேர்ந்தால் இருபது, முப்பது கிலோ வேறுபாடு வருவது எனக்கு வியப்பளிக்காது. ஆகவே ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது: எடை போட்ட பிறகு உங்கள் பயன்சுமை கூடுவதற்குப் பதிலாகக் குறையவும் கூடும். அப்படிக் குறைந்தால் அது இழப்பு அன்று, ஏனென்றால் அந்த எடை நேற்றும் உங்களோடு பறந்துகொண்டுதான் இருந்தது.

எடை போடும் முறையில் கவனம் தேவை. ஹேங்கரின் கதவுகளை மூடி, மின்விசிறிகளையும் நிறுத்திவிடுங்கள். மெல்லிய காற்றோட்டம்கூட இறக்கையில் தூக்குவிசையை உண்டாக்கித் தராசின் எண்ணை அசைத்துவிடும். கடற்கரை ஊரில் பிற்பகலில் கடல்காற்று எழும் என்பதால் நான் எப்போதும் விடியற்காலையில்தான் எடை போடுவேன். பெட்ரோலை வடித்துவிட்டு, எந்த நிலையிலும் எஞ்சினுக்குப் போகாத பெட்ரோலின் அளவை மட்டும் திரும்ப ஊற்ற வேண்டும். ஆயில் நிறைந்திருக்க வேண்டும். வால்பகுதியின் இடப்பக்கத்தில் உள்ள மட்டத் திருகுகளின்மேல் ரசமட்டத்தை வைத்து, முன்சக்கரத்தின் காற்றைக் குறைத்து விமானத்தை மட்டப்படுத்துவது செஸ்னாவின் கையேடே சொல்லும் முறை. பைகள், இழுவைக் கம்பி, ஆயில் டப்பாக்கள், சக்கரக் கட்டைகள் எல்லாம் வெளியே இருக்க வேண்டும். தராசுகள் அளவுத்திருத்தம் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும்.

எடை போடுவதற்கு முந்தைய நாளை முழுதாகச் சுத்தம் செய்வதற்கு ஒதுக்குங்கள். தரைப் பலகைகளைத் திறந்து பாருங்கள். பல ஆண்டு மண்ணும், உதிர்ந்த திருகுகளும், பயிற்சி மாணவர்கள் தவறவிட்ட பேனாக்களும் அங்கே இருக்கும். வேறோர் ஊரில் நான் பார்த்த ஒரு விமானத்தின் வால்கூம்பில் மைனாக்கள் கட்டிய கூடுகளிலிருந்து இரண்டு சாக்கு வைக்கோல் வந்தது. அதன் எடை சில கிலோதான், ஆனால் இருந்த இடம் வால் என்பதால் அதன் விளைவு பெரிது. அதோடு மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பான எலிவேட்டரின் கேபிள்கள் ஓடும் இடமும் அதுவே. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நின்ற விமானமாக இருந்தால், பக்கச் சுவர்களுக்குள் இருக்கும் ஒலித்தடுப்புப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். பழைய கண்ணாடிநார்ப் பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எடை ஒரு பக்கம் இருக்கட்டும், உப்பு கலந்த அந்த ஈரம் அலுமினியத் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். அந்தப் பஞ்சை எடுத்துவிட்டு, அரிப்பைப் பார்த்து, தடுப்புப் பூச்சு கொடுத்து, ஈரம் உறிஞ்சாத, அங்கீகரிக்கப்பட்ட மெல்லிய பொருளைப் போடுவது எடைக்கும் நல்லது, விமானத்தின் ஆயுளுக்கும் நல்லது. எல்லா வேலைகளிலும் இதைத்தான் நான் முதலில் செய்வேன்.

இரண்டாவது, பெட்ரோல். நீங்கள் கேட்ட நாற்பது கிலோ இங்கேயே இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து திருச்சிக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். இந்த விமானத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் தூரம். அங்கே ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோல் போடாமலேயே திரும்புவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 32 லிட்டர் வீதம் போக வர 64 லிட்டர். ஓடுபாதை வரை செல்வதற்கும் மேலே ஏறுவதற்கும் கூடுதலாகப் பத்து லிட்டர். இருப்பாக முழு ஒரு மணி நேரத்துக்கு 32 லிட்டர். கூட்டினால் 106, நான் 110 என்று வைத்துக்கொள்வேன். வானிலை ஐயத்துக்குரியதாக இருந்து மாற்று நிலையம் தேவைப்பட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 110 லிட்டரின் எடை 79 கிலோ. நிரம்பிய டாங்கை விட 57 கிலோ குறைவு. ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் மூன்றாமவரும் பைகளும் ஏறுவதற்கு இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் குறைவான பெட்ரோலோடு பறப்பவர் கூடுதல் ஒழுங்கோடு இருக்க வேண்டும். இவ்வகை விமானங்களின் பெட்ரோல் மீட்டரை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. இந்த விமானத்தின் டாங்குக்கென்றே அளவு குறிக்கப்பட்ட அளவுக்குச்சியால், சமதரையில் விமானம் நிற்கும்போது அளந்து எழுத வேண்டும். பாதி காலியான டாங்கில் இரவெல்லாம் ஈரக்காற்று நிற்கிறது. வங்கக் கடலுக்கு இவ்வளவு அருகில் அந்த ஈரம் குளிர்ந்து நீராக டாங்கின் அடியில் சேரும். ஆகவே காலையில் ஒவ்வொரு வடிப்பு வால்விலும் மாதிரி எடுத்துப் பார்ப்பதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. மேலும், பயணிகளின் எடையைக் கேட்டு எழுதாதீர்கள், நிறுத்துப் பாருங்கள். எழுபது என்று சொல்பவர் பையோடும் செருப்போடும் எண்பதாக நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அது அவர்கள் பொய் சொல்வதால் நேர்வதன்று. பெரும்பாலோருக்குத் தம் எடை சரியாகத் தெரிவதில்லை.

மூன்றாவதாகத்தான் கருவிகளுக்கும் பாகங்களுக்கும் வருகிறேன். இங்கே எடையோடு சேர்த்து, அந்த எடை விமானத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். கடலூர் முதுநகரில் வளர்ந்த உங்களுக்கு இது எளிதாகப் புரியும். துறைமுகத்தில் ஃபைபர் படகில் வலையையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றும்போது, படகு முன்பக்கம் அழுந்துகிறதா, பின்பக்கம் அழுந்துகிறதா என்று கரையில் நிற்பவருக்கே தெரியும், நீர்மட்டமே காட்டிக்கொடுத்துவிடும். விமானமோ தரையில் மூன்று சக்கரங்களில் நிற்கும்போது பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை. ஓடுபாதையை விட்டு எழும்பிய பிறகுதான் காட்டும். எனவே சி.ஜி. எனப்படும் எடைமையத்தைத் தாளில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

172-இல் தூரங்களை எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீத்தடுப்புச் சுவரின் முன்முகத்திலிருந்து அளக்கிறோம். உங்கள் விமானத்தின் வெற்று எடைமையம் அங்கிருந்து சரியாக ஒரு மீட்டர் பின்னால் இருப்பதாகக் கொள்வோம். அப்போது திருப்புத்திறன், அதாவது எடையைத் தூரத்தால் பெருக்கி வரும் எண், 672. பழைய கனமான ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு நான்கு கிலோ குறைவான புதியதைப் பொருத்துகிறீர்கள். அது சுவருக்கு முக்கால் மீட்டர் முன்னால் இருக்கிறது என்றால், முன்பக்கத் திருப்புத்திறன் 3 அளவு குறைகிறது; சுவருக்கு முன்னால் இருப்பதைக் கழித்தே கணக்கிடுவதால் மொத்தம் 675 ஆகிறது. 675-ஐ 668-ஆல் வகுத்தால் 1.01. நான்கு கிலோ எடுத்ததற்கு எடைமையம் ஒரு சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்துவிட்டது. அடுத்து, சுவரை ஒட்டி இருக்கும் பேட்டரியில் பத்து கிலோ குறைத்தால் அது இன்னும் பின்னால் போகும். முன்னால் இருவர் மட்டும் பறக்கும்போது இது தொல்லை தராது. சொல்லப்போனால் சற்று நன்மைகூட. ஆனால் நீங்கள் விரும்புவது பின்னிருக்கையில் மூன்றாமவரையும் அவருக்குப் பின்னால் பைகளையும் ஏற்றுவது. இந்த மாடலின் பின் எல்லை 47.3 அங்குலம், சுமார் 1.20 மீட்டர். எடை எல்லைக்குள் இருந்தும் எடைமையம் பின் எல்லையைத் தாண்டினால் அந்த விமானம் உச்ச எடையைத் தாண்டிய விமானத்தைவிட ஆபத்தானது. ஏனெனில் இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையான ஸ்டாலிலிருந்து மூக்கைத் தாழ்த்தி மீளும் ஆற்றலை அது இழந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு செஸ்னா 182. அதில் பேட்டரி வால்பகுதியில் இருக்கிறது. விமானமோ இயல்பிலேயே மூக்குக் கனமானது. இலேசான பேட்டரியை அங்கே பொருத்தினால் மூக்கு இன்னும் கனக்கும், இறங்கும்போது மூக்கை உயர்த்திப் பிடிப்பது கடினமாகும். முன்சக்கரம் முதலில் மோதித் தீத்தடுப்புச் சுவர் நெளிவது அந்த மாடலின் நன்கறியப்பட்ட நோய். ஆகவே ஒரு விமானத்துக்கு நல்ல மருந்து இன்னொன்றுக்கு நஞ்சாகலாம்.

இவற்றை மனத்தில் கொண்டு பார்த்தால், உங்கள் விமானத்தில் எனக்கு நம்பிக்கை தரும் மாற்றங்கள் சில உண்டு. ஈய அமில பேட்டரிக்குப் பதிலாக விமானத்துக்கென்றே சான்று பெற்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பொருத்தினால் பத்து கிலோ அளவுக்குக் கிடைக்கலாம். ஆனால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் பாதுகாப்பு சரியாக இயங்க வேண்டும். இணையத்தில் விற்கும் மோட்டார் சைக்கிள் பேட்டரியை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஸ்டார்ட்டரைப் பற்றி மேலே சொன்னேன். வேக்யூம் பம்பும் அதன் குழாய்களும், அது சுழற்றும் கைரோக் கருவிகளும் இருக்கும் இடத்தில், ஒவ்வொன்றும் அரைக்கிலோவுக்கும் குறைவான இரண்டு மின்னணுக் கருவிகளைப் பொருத்த முடியும். எடை சில கிலோவே குறைந்தாலும், திடீரென்று உடையும் இயல்புள்ள பம்ப் ஒன்று விமானத்தை விட்டுப் போகிறது என்பதற்காகவே நான் அதை ஆதரிப்பேன். இனிப் பயன்படாத, திசை காட்டும் ஏடிஎஃப் போன்ற பழைய ரேடியோக்களை எடுக்கும்போது வயரையும் ஆண்டெனாவையும் முனைவரை தொடர்ந்து போய் எடுத்துவிட வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை; ஆனால் செலவு கூலி மட்டுமே, கிடைக்கும் கிலோவோ உண்மையானது.

சக்கர உறைகளைக் கழற்றினால் சில கிலோ கிடைக்கும், வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். பெயின்ட்டை முழுதாகச் சுரண்டி ஒரே மெல்லிய பூச்சாக அடித்தால் பழைய அடுக்குகளின் எடை போகும். ஆனால் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் அய்லரானையும் எலிவேட்டரையும் மீண்டும் சமநிலை பார்க்காமல் பொருத்தக் கூடாது. கீலுக்குப் பின்னால் கூடும் சில கிராம் பெயின்ட், வேகத்தில் அந்தப் பரப்பைப் படபடவென்று அதிரவைத்து முறித்துவிடக்கூடியது. எவரும் தொடக்கூடாத பொருள்களும் உண்டு: தீயணைப்பான், அவசரக்கால இடங்காட்டி, முதலுதவிப் பெட்டி, கடலின் மேல் பறந்தால் உயிர்காப்பு உடைகள். லிண்ட்பெர்க் 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியே பறந்தபோது ரேடியோவும் பாராசூட்டும் வேண்டாம் என்று விட்டார், வரைபடங்களின் ஓரங்களைக்கூட வெட்டி எறிந்தார் என்பதைப் பலர் மேற்கோளாகக் காட்டுவார்கள். 33 மணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்தப் பயணத்தில் ஒவ்வொரு கிலோவும் பெட்ரோலாக மாறியது. திருச்சிக்குப் போய்வரும் உங்களுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

மேலே சொன்ன மாற்றங்கள் எதையும் உங்கள் விருப்பப்படி செய்ய முடியாது. ஒவ்வொன்றுக்கும் அந்த மாடலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் வேண்டும். மாற்றத்துக்கென்று வெளிநாட்டில் தரப்பட்ட துணைச் சான்றிதழாக இருந்தால், இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அதை ஏற்க வேண்டும். உரிமம் பெற்ற ஏஎம்இ கையெழுத்திட்டு லாக் புக்கில் ஏற்ற வேண்டும். வாங்கிய பிறகு ஆவணம் தேடாதீர்கள். ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொருளை வாங்குங்கள்.

வெற்று எடையைக் குறைப்பதற்குப் பதிலாக உச்ச எடையை உயர்த்த முடியாதா என்றும் நீங்கள் கேட்கலாம். முடியும், ஆனால் அது எப்படி முடிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் 172-என் மாடலில், தரையிறங்கும்போது இறக்கையின் பின்னால் தாழ்த்தும் ஃபிளாப் 40 பாகை வரை இறங்கும். அடுத்து வந்த 172-பி (P) மாடலில் அதை 30 பாகையோடு நிறுத்திவிட்டு, உச்ச எடையை 2,400 பவுண்டாக, அதாவது 1,089 கிலோவாக உயர்த்தினார்கள். முழு ஃபிளாப்போடு தரையிறங்க வந்து, கடைசி நேரத்தில் மீண்டும் மேலே ஏற வேண்டிவந்தால், 40 பாகையின் இழுவையோடு அந்த எஞ்சினால் கூடுதல் எடையைப் போதுமான அளவு ஏற்ற முடியாது என்பதே காரணம். அதாவது உச்ச எடை என்பது எலும்புக்கூட்டின் வலிமையை மட்டும் குறிக்கும் எண்ணன்று. ஏறும் திறன், ஸ்டால் வேகம், தரையிறங்கு கால்களின் தாங்குதிறன் ஆகியவற்றில் எது முதலில் தோற்கிறதோ அதுதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது. 180 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி உச்ச எடையை உயர்த்தும் சான்றிதழ்கள் உண்டு. செலவு உங்கள் விமானத்தின் விலையோடு போட்டி போடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

எடையைக் குறைத்ததன் பலன் எங்கே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். புறப்பாட்டு ஓட்டத்தின் நீளம் ஏறக்குறைய எடையின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. எடை பத்து விழுக்காடு குறைந்தால் ஓட்டம் இருபது விழுக்காட்டை ஒட்டிக் குறையும். லாஸ்பேட்டை ஓடுபாதை 1,500 மீட்டர் என்பதால் அங்கே இதை நீங்கள் உணராமல் போகலாம். ஆனால் கத்திரி வெயிலில் 38 பாகை இருக்கும்போது, கடல்மட்டத்தை ஒட்டிய நம் ஊரிலேயே விமானத்துக்குக் காற்று சுமார் 2,700 அடி உயரத்தில் இருப்பது போல மெலிந்திருக்கும். அன்றைக்கு ஏறும் வீதத்தில் அந்தக் கிலோக்கள் தெரியும். பிறப்பிலேயே இலேசாக வடிவமைக்கப்பட்ட விமானம் என்ன செய்யும் என்பதற்கு, பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வுக்கூடங்களின் ஹன்சா-என்ஜி நல்ல எடுத்துக்காட்டு. கூட்டுநார்ப் பொருளால் ஆன உடலும் சிறிய ரோட்டாக்ஸ் எஞ்சினும் கொண்ட அந்த இருவர் விமானம், 2022 பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து பறந்து வந்து கடல்மட்டச் சோதனைகளைப் புதுச்சேரியில்தான் முடித்தது. அலுமினிய உடலும் பழைய எஞ்சினும் கொண்ட 172-ஐ அந்த நிலைக்குக் கொண்டுவர எந்தப் பாகமாற்றத்தாலும் முடியாது.

ஒரே ஒரு விஷயத்தில் எடைக் குறைவு உங்களிடம் கூடுதல் கவனம் கேட்கும். கொந்தளிப்பான காற்றில் தாண்டக் கூடாத மானூவரிங் வேகம் எடையோடு சேர்ந்து குறைகிறது. உங்கள் மாடலுக்கு 2,300 பவுண்டில் அது 97 நாட். 1,950 பவுண்டில் 89. 1,600 பவுண்டில் 80. விமானம் இலேசாகிவிட்டது, இனி வேகமாகப் போகலாம் என்று எண்ணுவது தவறு. ஒரே காற்றடி கனமான விமானத்தைவிட இலேசான விமானத்தைக் கூடுதல் முடுக்கத்தோடு தூக்கி எறியும். எஞ்சின் தாங்கிகளும் பேட்டரிப் பெட்டியும் சுமப்பது அந்த முடுக்கத்தைத்தான்.

உங்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. இந்த மழைக்கு முன் சுத்தம் செய்து, ஈரப் பஞ்சையும் செத்த வயர்களையும் எடுத்து, எடை போடுங்கள். தராசு சொல்லும் எண்ணை வைத்துத் திருச்சிப் பயணத்துக்கு ஒரு சுமைத்தாள் போட்டுப் பாருங்கள். 110 லிட்டரில் மூவரும் அடங்கினால் பாகமாற்றத்துக்கு அவசரமே இல்லை. பேட்டரியும் ஸ்டார்ட்டரும் ஆயுள் முடிந்து தாமாக மாற்ற வேண்டிய நாள் வரும்போது இலேசானதை வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிய வெயிட் ஷெட்யூல் கையெழுத்தானவுடன், விமானத்தில் இருக்கும் பழைய நகலை எடுத்துவிட்டு, உங்கள் மூவரின் கைபேசிகளிலும் உள்ள சுமைக் கணக்குச் செயலிகளில் பழைய 672-ஐ அன்றைக்கே மாற்றிவிடுங்கள். எடைமையத்தின் எண்ணையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.